உங்களுக்குத் தெரியுமா? ஆறாத புண், பழைய தழும்பு, தோல் புற்று

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, வெயிலில் படுத்துக் கிடப்பவர்களுக்கு வருவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால், காலில் உள்ள புண்ணுக்கு வருடக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். தோலின் மேலடுக்கில் இருக்கும் தட்டையான செல்களில் தொடங்குகிற ஸ்குவாமஸ் செல் புற்று பற்றித்தான் இந்தத் துணுக்குகள் எல்லாம்.

பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இந்தப் புற்று வந்த 985 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியது 3.7 சதவீதம் பேருக்கு. இந்தப் புற்றினாலேயே இறந்தவர்கள் 2.1 சதவீதம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டியை வெட்டி எடுத்ததோடு கதை முடிந்தது.

அப்படியானால் அந்த இரண்டு, மூன்று சதவீதம் பேர் யார்? அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? மருத்துவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். கட்டி எப்படிப்பட்டது? அது யாருடைய உடம்பில் வந்திருக்கிறது? இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் ‘அபாயம் அதிகம்’ என்ற முத்திரை விழும்.

இரண்டு மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டர்

வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் உட்கரு ஊதாவாகவும் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். கட்டியின் செல்கள் ஓரளவு சாதுவானவையாக இருந்தால், தோலின் வேலையை இன்னும் மறக்காமல் கெரட்டின் தயாரித்துக்கொண்டிருக்கும். வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்ட இளஞ்சிவப்புத் திரட்சிகளாக அது கண்ணில் படும். ‘கெரட்டின் முத்து’ என்று அதற்குப் பெயர். முத்துகள் குறையக் குறைய, செல்கள் உருக்குலைந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தெரியத் தெரிய, கட்டி முரடானது என்று பொருள்.

அடுத்து, ஆழம். பக்கத்தில் உள்ள நல்ல தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் கடைசிச் செல் வரை அளக்கிறார்கள். ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் 615 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008ல் வெளியானது. கட்டி 2 மில்லிமீட்டர் வரை தடித்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூட நோய் பரவவில்லை. 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருந்தவர்களில் 4 சதவீதம் பேருக்குப் பரவியது. 6 மில்லிமீட்டரைத் தாண்டியவர்களில் 16 சதவீதம் பேருக்கு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிப் புண்தான். ஆழத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பயாப்ஸி வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பயந்து ஓடிவிடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான்கு கேள்விகள் போதும்

அதே பாஸ்டனில் உள்ள பிரிகாம் மகளிர் மருத்துவமனை எளிமையான ஒரு கணக்கை உருவாக்கியது. கட்டியின் குறுக்களவு 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கிறதா? செல்கள் மிகவும் உருக்குலைந்திருக்கின்றனவா? தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பையும் தாண்டிப் போயிருக்கிறதா? 0.1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்த நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா? ஒன்றுகூட இல்லையென்றால் அபாயம் மிகக் குறைவு. ஒன்று இருந்தால் கவனம் தேவை. இரண்டோ மூன்றோ சேர்ந்துவிட்டால் நிலைமையே வேறு. 256 கட்டிகளை வைத்து 2013ல் பார்த்தபோது, இப்படி இரண்டு மூன்று சேர்ந்தவை 19 சதவீதம்தான். ஆனால் நெறிக்குப் பரவியதில் 72 சதவீதமும், மரணத்தில் 83 சதவீதமும் அவற்றால்தான். நான்கும் சேர்ந்தாலோ, எலும்பை அரித்திருந்தாலோ அது கடைசிப் படி.

முகம் மரத்துப் போகிறதா?

தோல் புற்று சில சமயம் நரம்பைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே மண்டைக்குள் ஏறப் பார்க்கும். கன்னத்தில் எறும்பு ஊர்வது மாதிரி உணர்வு, உதட்டோரம் மரத்துப் போவது, வாய் ஒரு பக்கம் இழுப்பது, கண்ணை முழுதாக மூட முடியாமல் போவது: முகத்தில் எப்போதோ ஒரு சின்னக் கட்டியை எடுத்தவருக்கு இவை வந்தால், வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. பழைய கட்டியைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

காது, பொட்டு, உதடு

ஒரே அளவுள்ள கட்டி முதுகில் வந்தால் ஒரு கணக்கு, காதில் வந்தால் வேறு கணக்கு. காது மடலில் தோலுக்கு அடியிலேயே குருத்தெலும்பு இருக்கிறது. புற்று ஆழமாக இறங்கத் தடுப்பாக நிற்கும் கொழுப்பு அங்கே கிடையாது. நெற்றிப்பொட்டு, உச்சந்தலை, காது ஆகிய இடங்களில் வரும் புற்று முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி. அதற்குள்ளேயே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் திடீரென்று வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று விட்டுவிட வேண்டாம், குறிப்பாக வயதானவர்களுக்கு.

கீழுதடும் இந்தப் பட்டியலில் உண்டு. பிறப்புறுப்பும், ஆசனவாய்ப் பகுதியும் உண்டு. வெட்கத்தால் காட்டாமல் மறைப்பதால் அங்கே இன்னும் தாமதமாகிறது.

தீத்தழும்பு முப்பது ஆண்டுகள் காத்திருக்கும்

நம் வாசகர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டியது இதுதான்.

1828ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜான் நிக்கோலா மார்ஜோலின், தழும்புகளில் தோன்றும் ஒருவகைப் புண்ணைப் பற்றி எழுதினார். அது புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டறிந்து, ‘மார்ஜோலின் புண்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். தீக்காயத் தழும்பில்தான் இது அதிகம். காயம் பட்டதிலிருந்து புற்று வர எவ்வளவு காலமாகும் தெரியுமா? சராசரியாக முப்பது ஆண்டுகள்! பத்து வயதில் ஸ்டவ் வெடித்துக் காலில் தீப்பட்ட பெண்ணுக்கு, பேரன் பேத்தி எடுக்கப்போகும் வயதில் அதே தழும்பில் புண் வைக்கலாம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஏன் அங்கே வருகிறது? தீக்காயத்துக்குத் தோல் ஒட்டாமல் தானாக ஆறும்படி விட்டால், தழும்பு தடித்துச் சுருங்கும். முழங்காலுக்குப் பின்னால், முழங்கையின் உட்புறம், கணுக்கால் போன்ற மடங்கும் இடங்களில் நீட்டும்போதெல்லாம் வெடிக்கும். ஆறும், மறுபடி வெடிக்கும். ஒவ்வொரு முறையும் செல்கள் பிரிந்து பிரிந்து இடைவெளியை அடைத்தாக வேண்டும். இத்தனை ஆண்டு இந்த வேலை நடக்கும்போது எங்கோ ஒரு செல் தடம் மாறுகிறது. தழும்புக்குள் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் குறைவு. அதனால் உடம்பின் காவல் செல்கள் அங்கே சரியாக எட்டிப் பார்ப்பதில்லை. கட்டியும் அங்கேயே மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும். தழும்பின் எல்லையைத் தாண்டி நல்ல சதைக்குள் கால் வைத்துவிட்டால் வேகம் பிடிக்கும். சாதாரண வெயில் புற்றைவிட மார்ஜோலின் புண் நெறிக்குப் பரவும் வாய்ப்பு அதிகம் என்பதால், தழும்பில் வந்த புற்று எதுவானாலும் அதை அபாயம் மிகுந்ததாகவே கருதுகிறார்கள்.

தழும்பின் விளிம்பு தடித்து மேலே எழும்புவது, புண்ணில் புதிதாகக் கெட்ட வாடை வருவது, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிவது, இத்தனை நாள் இல்லாத வலி: இவைதான் அடையாளம். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுவது அழகுக்காகச் செய்வது என்று நினைத்துப் பல குடும்பங்கள் அதைத் தட்டிக் கழித்துவிடுகின்றன. இல்லை ஐயா, அது முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றையும் சேர்த்துத் தடுக்கிற சிகிச்சை.

உணர்ச்சியற்ற பாதம்

தொழுநோய் குணமான பிறகும் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி திரும்புவதில்லை. கல் குத்துவது தெரியாது, செருப்பு கடிப்பது தெரியாது. உள்ளங்காலில் வரும் குழிப்புண் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆறாமல் கிடக்கும். அந்தப் புண்ணின் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்தால் அது ஸ்குவாமஸ் செல் புற்றாக இருக்கலாம். வலியே இல்லாததால் நோயாளி கவலைப்பட மாட்டார். வீட்டில் உள்ளவர்கள்தான் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் இருக்கட்டும்.

காஷ்மீரின் காங்ரி

குளிர் எலும்பைத் துளைக்கும் காஷ்மீரில் ஒரு சின்ன மண் சட்டி உண்டு. சுற்றிலும் பிரம்புக் கூடை பின்னியிருக்கும். உள்ளே கரித்தணலும் காய்ந்த சினார் இலைச் சாம்பலும். பெயர் காங்ரி. பெரன் என்ற தொளதொள அங்கிக்குள் அதை வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் அணைத்துக்கொள்வார்கள். குளிர்காலம் முழுக்க இப்படி. நாளாக ஆக, சூடு படும் தோலில் பழுப்பு நிறத்தில் வலை பின்னிய மாதிரி ஒரு படம் விழும். அதே இடத்தில் புற்று வருவதை 1866லேயே எழுதிவைத்தார் அங்கே பணிசெய்த மிஷனரி டாக்டர் வில்லியம் எல்ம்ஸ்லி. தோல் நோய்ப் புத்தகங்களில் உலகம் முழுவதும் இன்றும் ‘காங்ரி கேன்சர்’ என்றே படிக்கிறார்கள். மடியில் லேப்டாப்பைப் பல மணி நேரம் வைத்து வேலை செய்பவர்களின் தொடையிலும் அதே பழுப்பு வலை விழுந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோல் நிறம் மாறிய இடத்தில் சூடு படுவதை உடனே நிறுத்திவிட்டால் போதும்.

உள்பாவாடை நாடா

பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையைக் கட்டியெழுப்பிய வி.ஆர். கானோல்கர், சூர்யாபாயுடன் சேர்ந்து 1945ல் ஒரு கட்டுரை எழுதினார். நம் நாட்டுப் பழக்கங்களால் வரும் புற்றுகளைப் பற்றியது. இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றும் அதில் ஒன்று. பிற்பாடு புடவை கட்டும் பெண்களின் இடுப்பிலும் அதே புற்றைப் பார்த்தார்கள்.

புடவை கட்டும் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்பாவாடை நாடாவை இழுத்து முடிச்சுப் போடும் இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கருப்பாக ஒரு பட்டை விழுந்திருக்கும். வேர்வையும் புழுதியும் சேரும், அரிக்கும், தோல் உரியும், சொரிந்தால் புண்ணாகும். வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். இந்தப் பட்டை பலருக்கும் உண்டு. புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம். பயப்படத் தேவையில்லை. அகலமான பட்டை வைத்துத் தைத்த பாவாடையைக் கட்டலாம், முடிச்சின் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம், வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடலாம். ஆனால் அந்தப் பட்டையில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லையென்றால், வெட்கப்படாமல் காட்ட வேண்டும்.

புகைக்கரியும் தாரும்

தொழிலால் வரும் புற்று என்று உலகம் முதலில் அடையாளம் கண்டதே இந்தப் புற்றைத்தான். லண்டனில் புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்த சிறுவர்கள் வளர்ந்ததும் விதைப்பையில் புற்று வருவதை 1775ல் பெர்சிவல் பாட் எழுதினார். மடிப்புகளில் தங்கிய புகைக்கரிதான் காரணம். 1915ல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் விடாமல் நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள்.

கிணற்று நீரில் விஷம்

வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் ஆழ்குழாய்கள் போட்டார்கள். நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்தது தெரியாமல் போயிற்று. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மிளகு மிளகாகக் காய்ப்பு தோன்றும். அவற்றில் சில பின்னாளில் ஸ்குவாமஸ் செல் புற்றாகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் விலை

இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்று உறுப்பு மாற்று பெற்றவர்கள் பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். அதற்காக, உடல் அந்த உறுப்பை நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அந்த எதிர்ப்பு சக்திதான் தோலில் தடம் மாறும் செல்களையும் கண்டுபிடித்து அழித்துக்கொண்டிருந்தது. நார்வேயில் நடந்த ஆய்வில், சிறுநீரகமோ இதயமோ மாற்றப்பட்டவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 65 மடங்கு என்று தெரிந்தது. வந்தாலும் ஒன்றோடு நிற்காது. அடுத்தடுத்து வரும், வேகமாக வளரும். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்று உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து.

நம் நிறத் தோலுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. என்றாலும், வெளிநாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே தோல் புற்று வந்த 120 சிறுநீரக மாற்றாளர்களில் ஒரு பிரிவினருக்குப் பழைய மாத்திரையை நிறுத்தி சிரோலிமஸ் கொடுத்தார்கள். இரண்டாண்டில் அவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் புதிய புற்று வந்தது. பழைய மாத்திரையில் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மருந்தை மாற்றுவது சிறுநீரக மருத்துவரின் முடிவு. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

எட்டு வயதில் தோல் புற்று

வெயிலின் புற ஊதாக் கதிர் ஒவ்வொரு நாளும் நம் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. செல்லுக்குள்ளேயே அதைப் பழுது பார்க்கும் புரதங்கள் உண்டு. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரைக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பழுதுபார்ப்பு நடப்பதில்லை என்று 1968ல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். பாதுகாப்பில்லாமல் வளர்ந்தால் எட்டு, ஒன்பது வயதிலேயே முதல் தோல் புற்று வந்துவிடும். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது அதிகம் தென்படும். கைக்குழந்தை சிறிது வெயில் பட்டாலே வெந்து சிவந்து, முகத்தில் புள்ளி புள்ளியாகக் கருத்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அல்பினிசத்தோடு பிறந்தவர்களுக்கு மெலனின் காவல் இல்லை. ஆப்பிரிக்காவில் அவர்கள் இளவயதில் இறப்பதற்கு இந்தப் புற்று ஒரு முக்கியக் காரணம். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன் ஆகியவை அவர்களுக்கு அலங்காரம் அல்ல, மருந்து. வெண்புள்ளி வேறு, அது தொற்றும் அல்ல, புற்றின் முன்னோடியும் அல்ல.

தினமும் தடவினால் நாற்பது சதவீதம் குறையும்

ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992ல் தொடங்கி 1,621 பேரை வைத்துச் சோதித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் தடவிய பிரிவில் ஸ்குவாமஸ் செல் புற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

ரத்த அழுத்த மாத்திரை

ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மாத்திரை தோலுக்கு வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் இதைப் பற்றிய எச்சரிக்கையைச் சேர்த்தது. கணக்கு இதுதான்: 16,000 பேர் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குத் தோல் புற்று. ரத்த அழுத்தத்தை அடக்காமல் விட்டால் வரும் பக்கவாதத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. மாத்திரை தொடரட்டும், வெயிலில் குடை பிடியுங்கள்.

கத்திக்கு முன்னால் ஊசி

வெட்டி எடுக்க முடியாத அளவு கட்டி பெரிதானவர்களுக்கு 2018 வரை சொல்லிக்கொள்ளும்படியான மருந்தே கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பரில் செமிப்ளிமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. புற்று செல்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும் எதிர்ப்பு செல்களின் தடையை அது நீக்கிவிடுகிறது. 2022ல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன்பே 79 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். பிறகு வெட்டி எடுத்துப் பார்த்தால், பாதிப் பேருக்குக் கட்டியில் உயிருள்ள புற்று செல்லே இல்லை! முகத்தில் கண்ணையோ காதையோ இழக்க வேண்டியிருந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய வரம் என்று நினைத்துப் பாருங்கள். மாற்று உறுப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது இருபுறமும் வெட்டும் கத்தி. தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி அந்த உறுப்பையும் தாக்கக்கூடும்.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

தோல் கட்டியை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால் ‘புற்றா, இல்லையா’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர் ஆழம், செல்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன, நரம்பைப் பிடித்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று கேளுங்கள். உறுப்பு மாற்று, பழைய தீக்காயம், கதிரியக்க சிகிச்சை, ரத்தப் புற்று எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். திரும்ப வருவதும் பரவுவதும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்துவிடும் என்பதால், அந்தக் காலத்தில் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று செக்கப்பைத் தவறவிடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது பழைய தழும்பிலோ மரத்துப்போன காலிலோ மூன்று மாதம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால், இன்னொரு களிம்பு வாங்குவதற்கு முன் அதன் ஓரத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம்.